தட்டிப் பார்த்து வாங்குவது: ஸ்டுடியோ ஹெட்போன் பற்றிச் சில குறிப்புகள்

விருத்தாசலத்துத் தம்பி ஒருவர் பாட்காஸ்ட் தொடங்கப் போகிறார். ஊர்ல பீங்கான் பொம்மை, மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர், கிட்காட் ஃபியூஸ் என்று வாழ்நாள் முழுக்கச் செய்த பெரியவர்களை உட்கார வைத்துப் பேச வைத்து, அதைப் பதிவு செய்வதுதான் திட்டம். சொந்தமாகக் கொஞ்சம் பின்னணி இசையும் போட ஆசை. மைக் வாங்கியாச்சு. "அண்ணே, ஹெட்போன் மட்டும் எதுன்னு சொல்லுங்க, பத்தாயிரத்துக்குள்ள" என்று கேட்டார்.

ஒரு மாடல் பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவர் எடுக்கப் போகும் பேட்டிகளில் சிலது ஒரு தடவைதான் நடக்கும். எண்பது வயதைத் தாண்டியவர் சூளை வைத்த கதையைச் சொல்லும்போது பின்னால் ஒரு இரைச்சல் ஓடுகிறது, அது பதிவு செய்தவர் காதில் விழவில்லை என்றால், வீட்டுக்கு வந்து கேட்கும்போது செய்வதற்கு அதிகம் ஒன்றும் இருக்காது. பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்குவதும் இதுவும் வேறு வேறு. அதனால் கொஞ்சம் படித்து, கணக்குப் போட்டு எழுதிய குறிப்புகள் இவை. வேறு யாருக்காவதும் பயன்படலாம்.

ஸ்டுடியோ ஹெட்போன் என்றால் என்ன?

மண்பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போம். பீங்கான் வேலையிலும் அதேதான். சூளையிலிருந்து வந்த சரக்கைத் தட்டினால் நல்லது கணீர்னு ஒலிக்கும், உள்ளே விரிசல் விட்டது மொட்டையாகச் சத்தம் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடிக்கும்.

ஸ்டுடியோ ஹெட்போனின் வேலை இந்தத் தட்டல்தான். பதிவில் இருக்கிற விரிசலைக் காட்ட வேண்டும். பாட்டுக் கேட்பதற்கென்று விற்கும் பல ஹெட்போன்கள் பேஸைத் தூக்கிக் கொடுத்து, எதைப் போட்டாலும் இனிமையாக ஒலிக்கும்படி செய்யப்பட்டவை. அதில் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் இனிமையாக்கும் கருவியை வைத்துக் குறை கண்டுபிடிக்க முடியாது.

மூடியதா, திறந்ததா?

முதல் முடிவு இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

மூடிய வகையில் காதுக்கு வெளிப்பக்கம் கெட்டியான கிண்ணம் இருக்கும். வெளிச்சத்தம் குறைவாக உள்ளே வரும். அதைவிட முக்கியம், உள்ளே ஓடும் சத்தம் வெளியே கசிந்து மைக்கில் ஏறாது. திறந்த வகையில் வெளிப்பக்கம் சல்லடை மாதிரி. 1968இல் சென்ஹைசர் எச்டி 414 என்ற மாடலோடு இந்த வகை சந்தைக்கு வந்தது. காற்று இரண்டு பக்கமும் போய்வருவதால் ஒலி தலைக்குள் அடைபட்ட மாதிரி இருக்காது, காதும் வேர்க்காது. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் எல்லாம் கேட்கும், மைக்குக்கும் கேட்கும்.

ஆகவே: மைக் திறந்திருக்கும்போது மூடியது. பதிவு முடிந்து அமைதியான அறையில் உட்கார்ந்து மிக்சிங் செய்யும்போது, வசதி இருந்தால் திறந்தது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூடியதே. மூடியதை வைத்து மிக்சிங் செய்ய முடியும். திறந்ததை வைத்துப் பேட்டி பதிவு செய்வது கஷ்டம்.

இன்னொரு விஷயம். மூடிய ஹெட்போன் தடுப்பது பெரும்பாலும் உயர்ந்த சுருதிச் சத்தங்களைத்தான். தாழ்ந்த உறுமல் உள்ளே வந்துவிடும். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ 32 டெசிபல் வரை தடுக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. அந்த "வரை" முக்கியம், எல்லா அதிர்வெண்ணிலும் அவ்வளவு கிடைக்காது. மண் அரைக்கும் பால் மில் ஓடுகிற பட்டறையில் உட்கார்ந்து பதிவு செய்தால், அந்த உறுமல் மைக்கில் ஏறியதா, இல்லை நேராகக் காதுக்குள் வந்ததா என்று பிரித்துச் சொல்வது சிரமம். அதற்கு எளிய வழி: முப்பது விநாடி சும்மா பதிவு செய்து, தள்ளிப்போய் அமைதியான இடத்தில் கேட்டுவிட்டு வந்து பேட்டியைத் தொடங்குவது.

ஓம் கணக்கு

பெட்டியில் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று போட்டிருப்பார்கள். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஒரே மாடல் பல ஓம்களில் வருகிறது. "ஓம் கூடுனா தரம் கூடும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி நேரடியாக ஒன்றுமில்லை. ஓம் என்பது அந்த ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. அதோடு சென்சிடிவிட்டி என்ற இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே சென்சிடிவிட்டி.

இரண்டு மாடலை எடுத்துக் கணக்குப் போடுவோம். பள்ளிக்கூடத்து இயற்பியல் போதும்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்.

சோனி எம்டிஆர்-7506: 63 ஓம், 106 டெசிபல். ஃபோனோ லேப்டாப்போ அரை வோல்ட் கொடுக்கிறது என்று வைப்போம். 0.25ஐ 63 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4 மில்லிவாட். ஒரு மில்லிவாட்டுக்கு 106 என்றால், நாலு மடங்குக்கு 6 டெசிபல் கூடி 112.

டிடி 770 ப்ரோ, 250 ஓம்: 96 டெசிபல். அதே அரை வோல்ட். 0.25ஐ 250 ஆல் வகுத்தால் சரியாக 1 மில்லிவாட். ஆக 96 டெசிபல்.

ஒரே ஃபோன், ஒரே வால்யூம், 16 டெசிபல் வித்தியாசம். 96 டெசிபலே அதிகம்தானே என்று தோன்றும். பாட்டுக்கு அது போதும். ஆனால் 96 என்பது ஒலி அதன் உச்சத்தைத் தொடும்போது வருவது. பதிவு செய்யும்போது உச்சியில் இடம் விட்டுத்தான் செய்வோம், திடீரென்று யாராவது சத்தமாகச் சிரித்தால் உடையாமல் இருக்க. அந்தப் பச்சைப் பதிவில் குரலின் சராசரி அளவு உச்சத்துக்கு 25 டெசிபல் கீழே இருப்பது சகஜம். அப்படியானால் 250 ஓமில் காதுக்கு வருவது சுமார் 71 டெசிபல், சோனியில் 87. சுற்றிலும் சத்தம் இருக்கும் பட்டறையில் 71 டெசிபலை வைத்துக்கொண்டு மெல்லிய இரைச்சலைத் தேட முடியாது.

எனவே ஃபோன், லேப்டாப், சின்ன ரெக்கார்டர் இவற்றோடு வேலை என்றால் 80 ஓமுக்குள்ளும், சென்சிடிவிட்டி நல்லதாகவும் பாருங்கள். நல்ல ஹெட்போன் ஆம்ப் இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர் 250 ஓமைப் பற்றி யோசிக்கலாம். ஸ்டுடியோக்களின் ஆம்ப்கள் அந்தக் காலத்தில் அதிக ஓமுக்கு ஏற்றபடி இருந்தன. ஏகேஜி கே240 ஒரு காலத்தில் 600 ஓமில் வந்தது, இப்போது விற்கும் கே240 ஸ்டுடியோ 55 ஓம்.

காந்தம், பீங்கான், பெட்டி எண்கள்

பீங்கான் ஊர்க்காரர்களுக்காக ஒரு பத்தி. ஒலிபெருக்கிகளில் கறுப்பு வளையமாக இருக்கும் ஃபெரைட் காந்தத்துக்கு வியாபாரப் பெயரே செராமிக் காந்தம். இரும்பு ஆக்சைடோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்த்து, பொடியாக்கி, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுப்பது. கிட்காட் செய்யும் வேலைக்குத் தூரத்துச் சொந்தம். 1980களில் நியோடிமியம் காந்தம் வந்த பிறகு, குறைந்த எடையில் வலுவான காந்தம் கிடைத்தது. தலையில் மாட்டும் பொருளுக்கு எடை முக்கியம் என்பதால் ஹெட்போன்கள் அதற்கு மாறின. ஆனால் காந்தத்தின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். அது எப்படி ஒலிக்கிறது என்பதை அதிர்தகடும் கிண்ணமும் பேடும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

அதேபோல் பெட்டியில் இருக்கும் ஹெர்ட்ஸ் எண்ணும். டிடி 770 ப்ரோவில் 5 முதல் 35,000 ஹெர்ட்ஸ், ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸில் 15 முதல் 28,000, சோனி 7506இல் 10 முதல் 20,000. நல்ல இளம் காதுக்கே 20 முதல் 20,000 வரைதான். என் வயதுக்காரர்களுக்கு 15,000க்கு மேல் கேட்டால் அதிர்ஷ்டம். அந்த எல்லைகளுக்கு நடுவில் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதே ஒலியின் குணம். அதைப் பெட்டி சொல்லாது.

விலையாவது சொல்லுமா? 2017இல் யெருன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை எடுத்து, அதிர்வெண் வளைவுக்கும் விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்து அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். கட்டுரைத் தலைப்பிலேயே விடை இருந்தது: தொடர்பில்லை. கூடுதல் விலைக்குக் கட்டுமானம், சொகுசு, உதிரிபாகம் கிடைக்கலாம். ஒலி தானாகக் கூடிவிடாது.

ஒவ்வொன்றின் குணம்

நடுநிலை ஒலி என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு உண்டு. சாய்வு தெரிந்தால் அதற்கேற்ப வேலை செய்யலாம்.

சோனி எம்டிஆர்-7506 1991இல் வந்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நீண்ட நேரம் பாட்டுக் கேட்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் உதடு ஒட்டிப் பிரியும் சத்தம், எடிட்டிங்கில் வெட்டிய இடத்தில் வரும் டிக், மைக்கின் மெல்லிய ஸ்ஸ், எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கும். பேச்சுப் பதிவுக்கு இந்தக் குணம் வரம். கேபிளைக் கழற்ற முடியாது என்பது குறை.

ஏடிஎச்-எம்50எக்ஸ் 2014இல் வந்தது. 38 ஓம், கழற்றி மாட்டும் கேபிள் மூன்று கூடவே வரும். பேஸ் கொஞ்சம் கூடுதல். கேட்க ஜோர். இசை செய்பவர் இதை மட்டும் நம்பினால், பேஸ் போதும் போதும் என்று குறைத்துவிட வாய்ப்பு உண்டு.

டிடி 770 ப்ரோ 80 ஓமில் வெல்வெட் மாதிரித் துணி பேட். கண்ணாடி போட்டவர்களுக்கு வசதி, தோல் மாதிரி ஒட்டாது. மே மாதத்து விருத்தாசலத்தில் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். மேலே 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை இருக்கும்.

சென்ஹைசர் எச்டி 600 திறந்த வகை, 1997இலிருந்து இருக்கிறது, 300 ஓம். மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதியில் நேர்மையானது என்று பெயர் வாங்கியது. விலை வேறு வகுப்பு. தம்பியின் பட்டறைக்கு இது ஆகாது.

பேச்சில் எதைக் கேட்க வேண்டும்?

கருவி வாங்கியாயிற்று. தட்டத் தெரிய வேண்டுமே? இந்த வரிசையில் கேளுங்கள்.

முதலில் மின்சார உறுமல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில் 50, 100, 150 என்று அடுக்கடுக்காக உறுமல் வரும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது மின்விசிறி. நம் காது அதை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும், மைக் மறக்காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு தடவை ஃபேனை நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

மூன்றாவது ப வரும் இடங்கள். பாட்டி, பானை, பீங்கான் என்று சொல்லும்போது வாய்க்காற்று மைக்கில் அடித்து 'புஃப்' என்று வரும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்தால் குறையும். நான்காவது ஸ, ஷ கூர்மை. இது பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள். டிடி 770இன் கூர்மை இதை ஒட்டியே இருப்பதால், அதில் கேட்டு ஸகாரத்தை ரொம்பக் குறைத்தால் பேசுபவருக்கு நாக்குத் தடித்த மாதிரி ஆகிவிடும்.

ஐந்தாவது எதிரொலி. சுண்ணாம்புச் சுவர், சிமெண்ட் தரை, வெற்று அறை. இதைப் பின்னால் எடுப்பது கஷ்டம். பாய், போர்வை, துணி அடுக்கிய அலமாரி உள்ள அறைக்கு மாறுவதுதான் மருந்து.

இதற்கெல்லாம் கேபிள் உள்ள ஹெட்போனே வேண்டும். ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர 100 முதல் 300 மில்லிவிநாடி வரை தாமதமாகலாம். தன் குரலையே தாமதமாகக் கேட்டால் யாருக்கும் பேச்சுத் தடுமாறும். ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒலித்தரம் பெரும்பாலும் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும்.

இசை செய்யும்போது

ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது ஸ்பீக்கரின் ஒலி இரண்டு காதுக்கும் போகும். ஹெட்போனில் இடது இடதுக்கு மட்டும், வலது வலதுக்கு மட்டும். அதனால் இடம் வலம் பிரிப்பு மிகையாகத் தெரியும், எதிரொலியை எவ்வளவு சேர்த்தோம் என்ற கணக்கும் மாறும். தவிலின் தொப்பியை நெஞ்சில் உணர்வது மாதிரி ஹெட்போனில் உணர முடியாது, காதில் மட்டும்தான் கேட்கும்.

அதனால் ஹெட்போனில் முடித்த மிக்ஸை அப்படியே வெளியிட வேண்டாம். ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, பஸ்ஸில் போகிறவர் மாதிரி ஒரே காதில் இயர்போன் மாட்டி ஒரு தடவை, வீட்டு டிவியில் ஒரு தடவை கேளுங்கள். இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்கவும். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போகும், குரல் நிற்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை இல்லை. ஒட்டுமொத்தச் சத்த அளவைக் காதை நம்பி முடிவு செய்யாமல் மீட்டரில் பாருங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்டுக்குக் கேட்பது மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்.

வால்யூம் கூடக் கூட பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகத் தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். எனவே எப்போதும் ஒரே அளவில், பேசுகிற சத்தத்தில் வைத்து வேலை செய்வது நல்லது. காதுக்கும் நல்லது: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று எல்லை வைக்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 86இல் பத்து மணி நேரம்தான். இந்த வேலைக்கு உண்மையான கருவி காதுதான், அதற்கு உதிரிபாகம் கிடைக்காது.

வாங்கும்போது

கடையில் போட்டுப் பார்க்க முடிந்தால், நாலு நல்ல பாட்டை எடுத்துப் போகாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு, தம்புரா சுருதி மட்டும் ஓடும் ஒரு நிமிடம், நீங்களே எடுத்த மோசமான குரல் பதிவு ஒன்று. தம்புராவின் ஜீவாளி ரீங்காரம் ஒரே சீராகக் கேட்கிறதா, ஏதாவது ஒரு இடம் மட்டும் குத்துகிறதா என்று பாருங்கள். மோசமான பதிவு மோசமாகவே கேட்டால் அந்த ஹெட்போன் உங்களுக்கு உண்மையைச் சொல்கிறது என்று அர்த்தம்.

பத்து நிமிடம் கழற்றாமல் மாட்டியிருங்கள். காது மடல் உள்ளே உரசுகிறதா, உச்சந்தலை வலிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பேட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் செயற்கைத் தோல் பேட் உரிந்துவிடும், அதை மாற்ற முடிந்தால் ஹெட்போன் பல வருஷம் ஓடும். 7506, எம்50எக்ஸ் போன்ற பிரபலமான மாடல்களுக்குப் போலிகள் உண்டு. விலை நம்ப முடியாத அளவு குறைவு என்றால் நம்பாதீர்கள். உள்நாட்டு வாரண்டி பில்லோடு வாங்குங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது: மூடியது, கேபிள் உள்ளது, 80 ஓமுக்குள், பேட் மாற்றக் கூடியது. முதல் தேர்வு 7506. அந்த வாரம் விலை ஏறியிருந்தால் ஆடியோ-டெக்னிகாவின் சிறிய மாடல் ஏடிஎச்-எம்40எக்ஸ், 35 ஓம். திறந்த ஹெட்போன் இப்போது வேண்டாம். பணம் மிஞ்சினால் மைக்குக்கு ஒரு பாப் ஃபில்டரும், பெரியவர் உட்கார ஒரு கனமான ஜமுக்காளமும்.

வாங்கிய பிறகு இரண்டு வாரம் வேறு எதிலும் கேட்காமல், தெரிந்த பாட்டு, ரேடியோச் செய்தி, ஊர்ச்சத்தம் எல்லாம் அதிலேயே கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதன் சாய்வு காதுக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். அதற்குப் பிறகு முதல் பேட்டி.

நீங்கள் வேறு ஏதாவது மாடலைப் பல வருஷம் பயன்படுத்தியிருந்தால், குறிப்பாக வெயில் ஊரில் பேட் எத்தனை நாள் தாங்கியது என்று தெரிந்தால், எனக்கு எழுதுங்கள். குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.